சனசமூக நிலையக் கூட்டத்தில் எதைக் கதைக்கலாம்?

திருகோணமலையில் உங்கள் சனசமூக நிலையக் கலந்துரையாடலுக்கு எந்தச் சிக்கலான விஷயங்களை எடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கதைத்தால் யாருக்கு அடி விழும் என்று முதலில் பாருங்கள்.

2006 ஜனவரி 2 அன்று கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டதைத் தாராளமாகக் கதைக்கலாம். 2019இல் சந்தேகநபர்கள் 13 பேரும் விடுவிக்கப்பட்டதுவரை எல்லாம் பத்திரிகையில் வந்ததுதான். ஆனால் 'அன்றைக்கு நீ எங்கே நின்றாய், என்ன கண்டாய்?' என்று ஒருவரைச் சபையில் வைத்துக் கேட்கவே கூடாது. கண்டதைச் சொல்ல வாய் திறந்தவர்கள் என்ன பாடுபட்டார்கள் என்பது ஊருக்கே தெரியும்.

கன்னியா வெந்நீரூற்றுப் பிள்ளையார் கோயில் காணி யாருக்கு என்ற விவகாரமா? சரி, எடுங்கள்; காணி உறுதியும் வழக்குத் தாள்களும் பார்த்த ஒருவர் கூடவே இருக்கட்டும். முஸ்லிம், சிங்கள அயலவர் பற்றிய மனக்குறையை அவர்களும் வரும் நாளுக்கு வையுங்கள். யார் வீட்டுப் பிள்ளை யாரோடு போனது என்பதெல்லாம் கூட்டத்துக்கு வேண்டாம்.