350 சிசியா, 125 சிசியா: தினமும் ஓட்டும் சாலையை வைத்து முடிவு செய்யுங்கள்

கேள்வி: செங்கல்பட்டில் வசிக்கிறேன். ஒரகடத்தில் உள்ள தொழிற்சாலைக்குப் போய்வர நாள்தோறும் 45 கிலோமீட்டர் வண்டி ஓட்டுகிறேன். மாதம் ஒரு முறை மனைவியுடன் சொந்த ஊரான விழுப்புரத்துக்குப் போவேன். என் 100 சிசி வண்டி பழையதாகிவிட்டது. நண்பர்கள் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 வாங்கச் சொல்கிறார்கள். வீட்டில் ஹோண்டா ஷைன் 125 போதும் என்கிறார்கள். என் உயரம் 5 அடி 4 அங்குலம். கடனில்தான் வாங்க முடியும். எதை வாங்கலாம்?

பதில்: பெரிய வண்டி என்றால் வேகம், சிறிய வண்டி என்றால் மைலேஜ் என்றுதான் பெரும்பாலோர் இந்தக் கேள்வியைப் பார்க்கிறார்கள். உங்கள் விஷயத்தில் முதலில் பார்க்க வேண்டியது எடை. கிளாசிக் 350 பெட்ரோலுடன் சேர்த்து 195 கிலோ. ஷைன் 125 ஏறத்தாழ 113 கிலோ. ஓடும்போது இந்த 80 கிலோ வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. வண்டி நிற்கும்போதுதான் தெரியும்: கம்பெனி ஸ்டாண்டில் நெருக்கமாக நிற்கும் வண்டிகளுக்கு நடுவிலிருந்து பின்னுக்கு இழுக்கும்போது, சிங்கப்பெருமாள்கோவில் பக்கம் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் நின்று நின்று நகரும்போது, சரிவான இடத்தில் ஒரு காலை மட்டும் ஊன்றி நிற்கும்போது. கிளாசிக்கின் இருக்கை உயரம் 805 மில்லிமீட்டர். ஷைனைவிட ஒன்றரை சென்டிமீட்டர்கூட அதிகம் இல்லை. ஆனால் இருக்கை அகலமாக இருந்தால் கால்கள் விரிந்து, பாதம் முழுதும் தரையில் படியாமல் போகலாம். அதனால் ஷோரூமில் உட்கார்ந்து பார்த்ததோடு நிறுத்தாதீர்கள். சைடு ஸ்டாண்டை எடுத்துவிட்டு, என்ஜினை அணைத்த நிலையில் பத்தடி பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். சென்டர் ஸ்டாண்டு போட்டுப் பாருங்கள். அங்கேயே மூச்சு வாங்கினால், இரவு ஷிஃப்ட் முடிந்து வரும் வேளையில் அந்த எடை இன்னும் கூடித் தெரியும்.

அடுத்தது என்ஜின் சக்தி. கிளாசிக்கின் 20 குதிரைத்திறன் 195 கிலோவை இழுக்க வேண்டும், ஷைனின் 10.7 குதிரைத்திறன் 113 கிலோவை இழுத்தால் போதும். எடைக்குச் சக்தி என்று கணக்கிட்டால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் நீங்களும் மனைவியுமாக 130 கிலோ ஏறினால் கணக்கு மாறுகிறது. வண்டி எவ்வளவு இலேசானதோ அந்த அளவுக்கு அந்தச் சுமை அதை அதிகம் பாதிக்கும் என்பதால், ஷைன் தெளிவாகப் பின்தங்கிவிடும். விழுப்புரம் போகும் வழியில், ஜிஎஸ்டி சாலையில் ஒரு லாரியை முந்த நினைக்கும்போது இதை உணர்வீர்கள். கிளாசிக் 27 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையை (டார்க்) என்ஜின் மெதுவாகச் சுழலும்போதே தருவதால் அடிக்கடி கியர் மாற்றாமல் நிதானமாகப் போகலாம். அதன் உண்மையான சிறப்பு இதுதான்.

உங்கள் இரண்டு தேர்வுகளுக்கும் நடுவில் 160 சிசி வண்டிகள் இருப்பதை ஏன் யாரும் உங்களிடம் சொல்லவில்லை என்று தெரியவில்லை. ஓசூரில் தயாராகும் டிவிஎஸ் அப்பாச்சி ஆர்டிஆர் 160 4வி சுமார் 145 கிலோ எடையும் 17 குதிரைத்திறனும் கொண்டது. இருவரை ஏற்றிய பிறகும் எடைக்குச் சக்தி என்ற கணக்கில் அது கிளாசிக்குக்குச் சளைத்ததில்லை. 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏபிஎஸ் என்னும் பிரேக் அமைப்பு 2019 ஏப்ரல் முதல் கட்டாயம் என்பதால், மழையில் சட்டென்று பிரேக் பிடித்தாலும் முன்சக்கரம் பூட்டிக்கொள்ளாது. ஷைனில் இருப்பது இரு பிரேக்குகளையும் இணைக்கும் சிபிஎஸ் மட்டுமே. மணலும் ஈரமும் கலந்த ஒரகடம் சாலையில் தினமும் ஓட்டுகிறவருக்கு இது சிறிய விஷயம் அல்ல.

செலவைப் பார்ப்போம். உங்கள் ஓட்டம் மாதம் சுமார் 1,300 கிலோமீட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றும், ஷைன் 55, அப்பாச்சி 45, கிளாசிக் 35 கிலோமீட்டர் தரும் என்றும் வைத்துக்கொண்டால், மாதப் பெட்ரோல் செலவு முறையே 2,400, 2,900, 3,700 ரூபாய் ஆகும். ஷைனுக்கும் கிளாசிக்குக்கும் ஆண்டுக்கு ஏறத்தாழ 16,000 ரூபாய் வித்தியாசம். இது கடன் தவணைக்கு மேல் வருவது. புதிய வண்டிக்கு ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். 2022இல் அறிவிக்கப்பட்ட கட்டணப்படி 75 சிசிக்கு மேல் 150 சிசி வரை 3,851 ரூபாய், அதற்கு மேல் 350 சிசி வரை 7,365 ரூபாய், வரி தனி. ஆக, இந்த இடத்தில் 160 சிசி வாங்கினாலும் 350க்கு உரிய தொகையைத்தான் கட்டுவீர்கள். தமிழ்நாட்டில் சாலை வரியும் 2023 நவம்பர் முதல் ஒரு லட்சம் ரூபாய் வரையிலான வண்டிக்கு 10 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம். ஆன்ரோடு விலையை மொத்தமாகச் சொன்னால் ஏற்காமல், ஒவ்வொரு தொகையும் எதற்கென்று எழுத்தில் வாங்குங்கள்.

என் கருத்து இது. விழுப்புரத்துக்கு வண்டியிலேயே போவதாக இருந்தால் 160 சிசி வாங்குங்கள். செங்கல்பட்டிலிருந்து ரயிலில் போவது உங்கள் மனைவிக்கு வசதி என்றால், மாதம் ஒரு பயணத்துக்காகப் பெரிய வண்டியின் தவணையைச் சுமக்க வேண்டாம், 125 போதும். தவணையும் பெட்ரோலும் போக வீட்டுச் செலவு நெருக்கடியில்லாமல் நடக்கும், எடையும் கைக்கு அடங்குகிறது என்றால் மட்டும் கிளாசிக்கை எண்ணிப் பாருங்கள்.

எதுவானாலும் முன்பணம் கட்டும் முன் மனைவியைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டிப் பாருங்கள். அவர் சேலையில் ஒருபக்கமாக உட்காருபவர் என்றால், கால் வைக்கும் பலகை எட்டுகிறதா, சாரி கார்டு சக்கரத்தைச் சரியாக மறைக்கிறதா, பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா என்று அவரே பார்த்துச் சொல்லட்டும். 160 சிசி வண்டிகள் பலவற்றில் பின்னிருக்கை குறுகலாகவும் உயரமாகவும் இருக்கும். அவருக்கு அது ஒத்துவரவில்லை என்றால் வேறு மாடலைப் பாருங்கள்.