செராமிக் ரிங்கா, ஸ்பாஞ்சா?

கேள்வி: மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டியில் நான்கு கோல்டு பிஷ் வளர்க்கிறேன். தொட்டியின் மேல் வைக்கும் டாப் பில்டருக்குள் போட, பாக்டீரியா குடியேறும் பீங்கான் வளையமான செராமிக் ரிங் வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். விலை அதிகம். முட்டம் கடற்கரைச் சிப்பியோ வீட்டிலுள்ள தேங்காய் நாரோ போட்டால் போதாதா? (மார்த்தாண்டம் வாசகர்)

பதில்: நார் வேண்டவே வேண்டாம். தண்ணீரில் கறை இறங்கும், மெல்ல மட்கும். மட்கும்போது, மீன் கழிவை மாற்றித் தண்ணீரைச் சுத்தமாக்கும் பாக்டீரியாவுக்குச் சேர வேண்டிய ஆக்சிஜனையும் இழுத்துக்கொள்ளும். சிப்பியில் எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள், நுரைத்துக்கொண்டு வரும். அத்தனையும் சுண்ணாம்பு. அது கரைந்து தண்ணீரின் கடினத்தன்மையைக் கூட்டும். கோல்டு பிஷ் அதைத் தாங்கும், நியான் டெட்ரா போன்ற சிறு மீனுக்கு ஆகாது. தவிர, வழுவழுப்பான சிப்பியில் பாக்டீரியா குடியேற இடமும் குறைவு.

உங்கள் தொட்டிக்கு நான் சொல்வது கண் பெரிதான கறுப்பு ஸ்பாஞ்ச். ரிங் கெட்டது என்று சொல்லவில்லை. பாக்கெட்டில் போட்டிருக்கும் பரப்பளவுக் கணக்கில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளும் சேர்த்தி. அவை சீக்கிரமே அழுக்கில் அடைபடும். மீன் வெளியேற்றும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜனுள்ள தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஸ்பாஞ்சில் அது தாராளமாக ஓடும். ஏற்கெனவே ரிங் இருந்தால் ஸ்பாஞ்சுக்கு அப்புறம் வையுங்கள். அழுக்கு முதலில் ஸ்பாஞ்சில் நிற்கட்டும்.

எதைப் போட்டாலும் கழுவுகிற விதத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் பளிச்சென்று அலசினால் வளர்ந்த பாக்டீரியா செத்துப்போகும், இரண்டு நாளில் தொட்டி கலங்கும். தொட்டித் தண்ணீரையே வாளியில் பிடித்து, ஸ்பாஞ்சை நாலைந்து முறை பிழிந்தால் போதும். அந்தப் பழுப்பு வழுவழுப்பு கொஞ்சம் மிஞ்சத்தான் வேண்டும்.

கரண்ட் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். 2017 ஒக்கி புயலில் நம் குமரி மாவட்டம் நாள்கணக்கில் இருட்டில் கிடந்ததே, அப்படி நேர்ந்தால் நின்றுபோன பில்டருக்குள் பாக்டீரியா மூச்சுமுட்டிச் சாகும். மணிக்கணக்கில் கரண்ட் வராது என்று தெரிந்தால் ஸ்பாஞ்சை எடுத்துத் தொட்டிக்குள்ளேயே போட்டு, பேட்டரி ஏர் பம்ப்பை ஓடவிடுங்கள். அன்று இரை போடாதீர்கள்.

நான்கு கோல்டு பிஷ்ஷுக்கு 85 லிட்டர் தொட்டி நெருக்கடிதான், அதனால் வாரம் கால்பங்கு தண்ணீர் மாற்றுங்கள். புது ஸ்பாஞ்ச் வாங்கினால் பழையதை உடனே தூக்கி எறியாமல், ஒன்றரை மாதம் இரண்டும் சேர்ந்தே கிடக்கட்டும்.