நெடுஞ்சாலைப் பலகையா, சந்தைச் சுவரா?

கேள்வி: கிருஷ்ணகிரியில் கட்டில், பீரோ, மெத்தை விற்கும் கடை தொடங்கி ஓராண்டு ஆகிறது. பெரும்பாலும் திருமணச் சீர்வரிசைக்காகத்தான் வாங்க வருகிறார்கள். ஆவணி முகூர்த்தங்களை முன்னிட்டு வெளிப்புற விளம்பரத்திற்கு 2 லட்சம் ரூபாய் ஒதுக்கியுள்ளேன். முழுத் தொகையையும் பெங்களூரு நெடுஞ்சாலையோரம் ஒரே பெரிய ஹோர்டிங்கில் போடச் சொல்கிறார் விளம்பர முகவர். சரியாக இருக்குமா?
- வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: வேண்டாம். பெங்களூரு, சென்னை, சேலம் சாலைகள் கூடும் ஊர் என்பதால் வண்டிகளின் எண்ணிக்கையைக் காட்டி முகவர் உங்களை எளிதில் மயக்கிவிடலாம். ஆனால் ஓசூரிலிருந்து சேலத்திற்கு விரைகிறவர் வண்டியை ஊருக்குள் திருப்பிக் கட்டில் வாங்கப் போவதில்லை.

உங்கள் வாடிக்கையாளர் எங்கிருந்து வருகிறார் என்பது உங்கள் பில் புத்தகத்திலேயே இருக்கிறது. மரச்சாமான்களைப் பெரும்பாலும் கடை வண்டியில் கொண்டுபோய் இறக்குவதால், மற்ற வியாபாரிகளுக்கு வாய்க்காத முகவரிப் பட்டியல் உங்களுக்கு வாய்த்திருக்கிறது. ஓராண்டு பில்களை ஊர்வாரியாகப் பிரித்து, காவேரிப்பட்டணம், பர்கூர், போச்சம்பள்ளி, வேப்பனப்பள்ளி என ஊர்ப்பக்கத்திற்கு எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். அதிகம் வரும் இரண்டு மூன்று பக்கங்களிலிருந்து பேருந்து நகருக்குள் நுழைந்து வேகம் குறையும் இடங்களில் நடுத்தர அளவுப் பலகைகளை வையுங்கள். மீதித் தொகையில் கிராமத்துச் சுவர்களில் பெயின்ட் விளம்பரம் எழுதலாம். போச்சம்பள்ளி ஞாயிற்றுச் சந்தைக்குப் போகும் வழியில் ஒரு நல்ல சுவர் கிடைத்தால் விடாதீர்கள், ஏனெனில் பெண்ணைப் பெற்றவர்கள் அதை வாரந்தோறும் நின்று நிதானமாகப் படிப்பார்கள். பிளெக்ஸைப் போலக் காற்றில் கிழியும் கவலையும் அதற்கு இல்லை.

வாசகத்தில்தான் பலர் தவறுகிறார்கள். மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு நொடியில் சுமார் 22 மீட்டரைக் கடந்துவிடும். ஐந்து நொடி பார்வையில் பட்டாலும் 110 மீட்டர்தான். 10 அடி தொலைவுக்கு ஓர் அங்குல எழுத்து என்பது இத்தொழிலில் வழங்கும் கணக்கு. அதன்படி 300 அடியிலிருந்து தெளிவாகத் தெரிய 30 அங்குல எழுத்து வேண்டும். தமிழில் கொம்பும் சுழியும் விசிறியும் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் இன்னும் சற்றுப் பெரிதாகவே எழுதச் சொல்லுங்கள். கடைப்பெயர், ஒரு கட்டில் படம், 'பேருந்து நிலையத்திலிருந்து இத்தனை அடி' என்ற வழி, ஒரு கைபேசி எண், இவை போதும். உரிமையாளரின் புகைப்படம் எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சீர்வரிசைப் பேச்சு ஆடியிலேயே வீடுகளில் தொடங்கிவிடும் என்பதால், ஆடி முதல் வாரத்தில் பலகைகள் ஏறிவிட வேண்டும். ஆவணி பிறந்த பிறகு ஏற்றுவது பந்தி முடிந்து இலை போடுவதைப் போன்றது.

முன்பணம் கொடுக்கும் முன் உள்ளாட்சி அமைப்பு வழங்கிய உரிமத்தையும், பலகையைத் தாங்கும் சட்டகத்திற்குப் பொறியாளர் கொடுத்த உறுதிச் சான்றையும் நகலாகக் கேட்டு வாங்குங்கள். 2024 மே மாதம் மும்பை காட்கோபரில் சரிந்து 17 பேர் உயிரைக் குடித்த ஹோர்டிங், மாநகராட்சியின் உச்ச வரம்பு 40 அடிக்கு 40 அடி என்றிருக்க, அதைவிடப் பல மடங்கு பெரிதாக எழுப்பப்பட்டது. சுவர் என்றால் உரிமையாளரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் போதாதா என்று அலட்சியமாக இருக்க வேண்டாம். உள்ளாட்சி அலுவலகத்திலும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அரசுச் சுவரையும் பாலத்தையும் தொடவே கூடாது. மரத்தில் ஆணி அடிக்கவும் கூடாது.

ஒவ்வொரு பக்கத்துப் பலகைக்கும் வெவ்வேறு கைபேசி எண்ணைக் கொடுங்கள். நேரில் வருகிறவரிடம் எங்கே பார்த்து வந்தார் என்று கேட்டுப் பில்லின் ஓரத்தில் குறித்துவையுங்கள். ஆவணி முடிந்ததும் அழைப்பு வராத பலகையின் வாடகையைப் புதுப்பிக்காமல், அந்தத் தொகையைத் தை முகூர்த்தத்திற்கு எடுத்துவைக்கலாம்.