மாத்திரை முழுசாக வெளியே வருவது இருக்கட்டும், அந்த வலி மாத்திரையை நிறுத்துங்கள்

கேள்வி: வயது 58. பிரஷருக்கு ராமிப்ரிலும் நீர் மாத்திரையும், சுகருக்கு மெட்ஃபார்மினும் சாப்பிடுகிறேன். சில நாள் மெட்ஃபார்மின் மாத்திரை மலத்தில் முழுசாகவே வருகிறது. பி-காம்ப்ளெக்ஸ் போட்டால் சிறுநீர் அடர்மஞ்சளாகப் போகிறது. மாத்திரைகள் கிட்னியைக் கெடுக்கும் என்று இணையத்தில் படித்ததிலிருந்து ராமிப்ரிலை ஒருநாள் விட்டு ஒருநாள்தான் போடுகிறேன். முட்டிவலிக்கு மூன்று வாரமாக டைக்ளோஃபெனாக், தினம் இரண்டு. ஒரு வாரமாகக் கால் வீங்குகிறது, சிறுநீரும் குறைவு. என் கிட்னி கெட்டுவிட்டதா?

பதில்: டைக்ளோஃபெனாக்கை இந்த நிமிடமே நிறுத்துங்கள். நாளைக் காலையில் ரத்தத்தில் கிரியாட்டினினும் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) பொட்டாசியமும் எவ்வளவு என்று பார்த்துவிட்டு, ரிப்போர்ட்டோடு உங்கள் மருத்துவரிடம் போங்கள்.

முட்டிக்கென்று விழுங்கினாலும் எந்த மாத்திரையும் நேராக முட்டிக்குப் போவதில்லை. குடலில் கரைந்து, கல்லீரலைத் தாண்டி, ரத்தத்தோடு உடம்பெல்லாம் சுற்றுகிறது. புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உருவாவதைத் தடுத்துத்தான் டைக்ளோஃபெனாக் வலியைக் குறைக்கிறது. முட்டியில் அந்தப் பொருள் வீக்கத்தைக் கொடுக்கும், சரி. சிறுநீரகத்தில் அதற்கு வேறு வேலை இருக்கிறது. அங்கே ஒவ்வொரு நுண்வடிகட்டிக்கும் ரத்தம் உள்ளே வர ஒரு குழாய், வெளியே போக ஒரு குழாய். உள்ளே இருக்கும் அழுத்தத்தில்தான் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 180 லிட்டர் வடிகிறது. அதில் பெரும்பகுதி மறுபடி ரத்தத்துக்கே திரும்பி, மிச்சம்தான் சிறுநீர். நீர் மாத்திரை ரத்தத்தின் அளவைக் குறைக்கிறது, ராமிப்ரில் வெளிக்குழாயைத் தளர்த்துகிறது. இரண்டையும் சிறுநீரகம் உள்குழாயை விரித்துச் சமாளித்துவிடும். விரித்துப் பிடித்திருப்பது புரோஸ்டாகிளாண்டின். நீங்கள் தினம் இரண்டு வேளை அதைத்தான் தடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். வடிகட்ட அழுத்தம் போதாமல் சிறுநீர் குறைகிறது, உப்பும் நீரும் காலில் தங்குகின்றன.

கெட்டுவிட்டதா என்பதை ரத்தப் பரிசோதனைதான் சொல்ல முடியும். சீக்கிரம் நிறுத்தியவர்களில் பெரும்பாலோருக்குச் சிறுநீரகம் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது, அதனால்தான் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. மெட்ஃபார்மினைக் கல்லீரல் உடைப்பதில்லை. அது உள்ளே போன உருவிலேயே சிறுநீரில் வெளியேறும் மருந்து. சிறுநீரகம் மந்தமானால் ரத்தத்தில் சேர ஆரம்பித்துவிடும். அதன் அளவையும் மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ராமிப்ரிலை ஒருநாள் விட்டுப் போடச் சொன்னது யார்? அது வேலை செய்வது ஏறக்குறைய ஒரு நாள். விட்ட நாளில் பிரஷர் ஏறும், வருடக்கணக்கில் சிறுநீரகத்தை அரிப்பது அந்தப் பிரஷர்தான். இணையத்தில் படித்ததை நம்பி, காக்கிற மாத்திரையைக் குறைத்துவிட்டு, நீங்களாக ஆரம்பித்த வலி மாத்திரையைத் தவறாமல் போட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு ராமிப்ரிலைத் தினமும் போடுவதா, சில நாள் நிறுத்திவைப்பதா என்பதை ரிப்போர்ட்டைப் பார்த்து மருத்துவரே முடிவு செய்யட்டும். இதிலும் நீங்களாக எதுவும் செய்ய வேண்டாம்.

மலத்தில் வருவது வெறும் கூடு. மருந்தை மெல்ல மெல்லக் கசியவிடும் வகை மாத்திரை அது. மருந்து உடம்பில் சேர்ந்த பிறகுதான் கூடு வெளியே வருகிறது. மஞ்சள் நிறம் பி-காம்ப்ளெக்ஸில் உள்ள ரைபோஃபிளேவினின் நிறம். இரண்டையும் மறந்துவிடுங்கள்.

வலி தாங்காவிட்டால் 500 மில்லிகிராம் பாரசிட்டமால், ஆறு மணி நேர இடைவெளியில் போடலாம். இபுப்ரோஃபென், நாப்ராக்சென், அசெக்ளோஃபெனாக் எல்லாம் டைக்ளோஃபெனாக்கின் குடும்பம்தான், பெயர் மாறியதென்று ஏமாந்துவிடாதீர்கள்.

மூச்சு வாங்கினாலோ, அரை நாளாகச் சிறுநீரே வராமல் போனாலோ காலை வரை காத்திருக்க வேண்டாம், ராத்திரியே அவசரப் பிரிவுக்குப் போங்கள். எல்லா மாத்திரை அட்டைகளையும் கையோடு கொண்டுபோங்கள். "வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்" என்று கேட்டால் பலரும் வலி மாத்திரையை மட்டும் சொல்வதே இல்லை, அந்த அட்டையை முதலில் நீட்டுங்கள்.