159 செ.மீ. உயரத்தோடு ஜப்பான் பெண்கள் வாலிபால் அணிக்குக் கேப்டனாக முடிந்தது எப்படி?

யோஷியே தகேஷிதா ஒரு செட்டர். அதாவது, சக வீராங்கனை எடுத்துக் கொடுத்த பந்தை, இரண்டாவது தொடுதலில் அடிப்பவருக்கு வாகாகத் தூக்கிக் கொடுப்பவர். பந்தியில் எந்த இலைக்கு எப்போது என்ன வேண்டும் என்று பார்த்துப் பரிமாறுகிறவர் மாதிரி. வலைக்கு மேலே அடிக்கத்தான் உயரம் முக்கியம். இந்த வேலைக்குக் கால் வேகமும் விரல் பக்குவமும் எதிரணியை ஏமாற்றும் மூளையும் வேண்டும்.

2000 சிட்னி ஒலிம்பிக்குக்கு ஜப்பான் தகுதி பெறாதபோது பழி அவர் உயரத்தின்மேல்தான் விழுந்தது. அப்புறம் 2006 உலகப் போட்டியில் ஜப்பானுக்கு ஆறாவது இடமே கிடைத்தும், தொடரின் மிகச்சிறந்த வீராங்கனை விருது அவருக்கே! 2012 லண்டனில் வெண்கலமும் வென்றார். அப்போது கேப்டன் எரிகா அராகி.

உயரம் குறைவு என்பதால் அவரைப் பலர் லிபரோ, அதாவது பின்வரிசையில் மட்டும் நின்று பந்தைக் காப்பவர், என்று நினைக்கிறார்கள். இல்லை, முன்வரிசையில் நின்று, எதிரணியின் அடியை வலைமேல் தடுக்கும் பிளாக்குக்கும் எழும்பியவர் அவர்.