வாசகர் கேள்வி: தன்னையே வெட்டிக்கொள்ளாத கத்தி

கேள்வி: டி.என்.ஏ.யை வெட்டும் நொதியம் பற்றீரியாவின் சொந்த டி.என்.ஏ.யை ஏன் வெட்டுவதில்லை?
– உயர்தர மாணவி, ஹட்டன்

பதில்: இந்நொதியங்கள் பற்றீரியாவைத் தாக்கும் வைரசுகளுக்கு எதிரான காவல். கொழுந்து பறிக்கும் கை, ஈரிலையும் மொட்டும் கண்ட இடத்தில் மட்டும் கிள்ளுவதுபோல, ஒவ்வொரு நொதியமும் தனக்குரிய எழுத்துத் தொடரை டி.என்.ஏ.யில் கண்டால் மட்டுமே வெட்டும். ஈ. கோலை பற்றீரியாவிலிருந்து பெறப்படும் ஈகோ ஆர் 1, ஜி-ஏ-ஏ-டி-டி-சி என்ற 6 மூலங்களை, அதாவது டி.என்.ஏ.யின் 6 எழுத்துகளைத் தேடுகிறது. டி.என்.ஏ.யின் இரு இழைகளுள் ஒன்றில் இவ்வாறு உள்ள தொடர், எதிர் இழையை அதன் திசையில் வாசித்தாலும் அப்படியே வரும். 'விகடகவி'க்குத் தூரத்து உறவு என்று சொல்லலாம்.

அத்தொடர் பற்றீரியாவின் டி.என்.ஏ.யிலும் உண்டு. ஆனால், துணை நொதியமொன்று அங்குள்ள அடினைன் ('ஏ' எழுத்து) ஒன்றின்மீது மெதைல் கூட்டம் என்ற சிறு வேதி அடையாளத்தை முன்கூட்டியே பொருத்திவிடுவதால், வெட்டும் நொதியத்தால் அவ்விடத்தை வெட்ட முடிவதில்லை. அந்த அடையாளமின்றி நுழையும் வைரசின் டி.என்.ஏ.யோ துண்டாகிறது. சில வைரசுகள் தப்பி அடையாளத்தைப் பெற்றுவிடுவதும் உண்டு என்பதால், இக்காவல் முழுமையானதன்று.

ஈகோ ஆர் 1 இரு இழைகளையும் நேருக்கு நேராக அன்றி, விலகிய இடங்களில் வெட்டுவதால், ஒவ்வொரு முனையிலும் 4 மூலங்கள் ஒற்றை இழையாக நீட்டிக்கொண்டிருக்கும். அதே நொதியம் வெட்டிய வேறெந்த உயிரினத்தின் துண்டும் அதனுடன் பொருந்தும் என்பதே மரபணுப் பொறியியலுக்குக் கிடைத்த வாய்ப்பு. துண்டுகளை ஒட்டும் லிகேஸ் நொதியம் இணைப்பை நிலைப்படுத்துகிறது. வெட்டும் நொதியங்கள் பற்றிய ஆய்வுக்காக ஆர்பர், நேதன்ஸ், ஸ்மித் ஆகியோர் 1978இல் நோபல் பரிசு பெற்றனர்.