உப்பு தின்னாத உப்புத் தொட்டி

கேள்வி: ஐயா, எங்களிடம் நாலு கறவைப் பசுக்கள் நிற்கின்றன. கனியுப்புத் தூள் வைப்பதற்கு வாங்கிய தகரத் தொட்டி எட்டு மாதத்தில் அடி ஓட்டையாகிவிட்டது. தடித்த கல்வனைஸ் தகட்டில் செய்யச் சொல்கிறார் ஒருவர். பழைய லொறி டயரை வெட்டி வைக்கலாம் என்கிறார் என் அண்ணன். எது கனகாலம் நிற்கும்?
- வாசகி, ஹெந்தளை

பதில்: உங்கள் தொட்டியைத் தின்றது அதற்குள் இருந்த உப்புத்தான், தங்கச்சி. உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். நீங்கள் இருப்பதோ கடற்கரையோரம், காற்றிலும் உப்பு. கல்வனைஸ் தகட்டைக் காப்பது மேலே இருக்கும் மெல்லிய நாகப் பூச்சு மட்டுமே. அது அரிபட்டால் உள்ளே இரும்புதான். தகடு தடித்தால் ஓட்டை விழச் சுணங்கும், ஆனால் விழும். முகத்துவாரத்தில் எங்கள் அப்பா கம்பி வைத்துச் சீமெந்தில் கட்டிய தொட்டிக்கும் அந்தக் கதிதான். உப்புத் தண்ணீர் ஊறி, உள்ளே கம்பி துருவேறிப் பருத்து, சீமெந்தைப் பிளந்துவிட்டது.

டயர் உப்புக்கு அசையாது, மாடு முட்டினாலும் உடையாது. ஆனால் வெட்ட வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லுங்கள். லொறி டயர்கள் பலவற்றில் ரப்பருக்குள் எஃகுக் கம்பி இருக்கிறது. வெட்டிய ஓரத்தில் அது மயிர்போல நீட்டிக்கொண்டு நிற்கும். மாடு மென்று பார்த்து விழுங்கும் பிராணி அல்ல. விழுங்கிய கம்பி இரண்டாம் இரைப்பையில் தங்கி, அங்கிருந்து குத்திக்கொண்டு இருதயப் பக்கம் போகும். எங்கள் செவலைப் பசுவை நான் அப்படித்தான் இழந்தேன். தீன் எடுக்காமல், முன்னங்கால் முட்டியை வெளியே தள்ளிக்கொண்டு நின்றாள். மிருக வைத்தியர் வந்தபோது தாடையின் கீழும் நெஞ்சிலும் நீர் கோத்திருந்தது. அந்தக் கம்பி டயரிலிருந்து வந்ததா, வைக்கோல் கட்டிலிருந்து வந்ததா என்று இன்றும் எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு வெட்டிய டயர் எதையும் கொட்டில் பக்கம் அண்ட விட்டதில்லை.

உங்களுக்கு நான் சொல்வது நீலப் பிளாஸ்டிக் பரல். 200 லீற்றர் பரலை நெடுக்காகப் பிளந்தால் இரண்டு தொட்டி. வாங்கும்போது முன்பு அதில் என்ன இருந்தது என்று கட்டாயம் கேளுங்கள்; மருந்தோ அமிலமோ இருந்த பரல் வேண்டாம். சந்தையில் விற்கும் மெல்லிய பேசின் வெயிலில் நொறுங்கிவிடும். வெட்டிய விளிம்பை அரத்தால் ராவி, பழைய தண்ணீர்க் குழாயைக் கீறி அதன்மேல் போர்த்துங்கள், நாக்குக் கிழியாது. மரச்சட்டத்தில் பூட்ட ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் போடுங்கள். சாதாரண ஆணி போட்டால் தொட்டி இருக்கும், ஆணி இராது. விளிம்பு நிலத்திலிருந்து இரண்டரை அடி உயரத்தில் இருந்தால் சாணி விழாது. இரண்டு தொட்டியையும் இரண்டு மூலையில் வையுங்கள். ஒரு முரட்டுப் பசு இருந்தால் மற்றவற்றை நக்க விடாது.

தொட்டியைவிடக் கூரைக்குக் காசு செலவழியுங்கள். மே மாதம் தென்மேல் பருவமழை தொடங்கினால் சாரல் பக்கவாட்டில்தான் அடிக்கும், ஆகையால் இறவாணம் தொட்டியைத் தாண்டி நன்றாக நீளட்டும். தண்ணீர் வடிய, தொட்டியின் அடியில் விரல் நுழையாத துளை இரண்டு போடுங்கள்.

தொட்டியை நிரப்பி வைக்கவும் வேண்டாம். கறவைப் பசு ஒன்றுக்கு நாளைக்கு 50 கிராம் என்று வைத்தாலும் நாலுக்கும் கிழமைக்கு 1.4 கிலோதான். அதற்கு மேல் போட்டால் ஈரத்தில் கல்லாகிவிடும், மாடு முகர்ந்துவிட்டுப் போய்விடும்.

யூரியா சேர்த்த நக்குக்கட்டி வைப்பதானால் இன்னும் கவனம் வேண்டும். மழைத்தண்ணீரில் கரைந்த யூரியாவை மாடு மடமடவென்று குடித்தால் கொஞ்ச நேரத்திலேயே விழுந்துவிடும். தண்ணீர் தேங்கியிருப்பதைக் கண்டால் உடனே இறைத்துத் துடைத்துவிடுங்கள். கன்றுகளை அதன் கிட்டவே விட வேண்டாம், தங்கச்சி.